சும்மா கிடைத்த சுரைவிதை

1

இந்தக் கதை ஒரு போன் காலில் பிறந்தது. அதுவும் தப்பான ஆளுக்கு வந்த கால்.

வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் கூப்பிட்டார். வருஷக்கணக்காக நான் அவருக்கு எழுதிக் கொடுப்பது கொலை. வாரம் ஒன்று என்பது எங்களுக்குள் பேச்சு. பக்கம் மிஞ்சினால் கூட ஒன்று போட்டுக் கொடுப்பேன்.

"சார், தோட்டச் சிறப்பிதழ். விதைப் பக்கம் எழுதறவர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்."

"ஏன்?"

"அவர் கட்டுரைக்குப் பக்கத்துலயே பூச்சிமருந்து விளம்பரம் வந்துடுச்சு. நீங்க எழுதுங்க. நல்ல விதை மலிவா எங்க கிடைக்கும்? இதான் விஷயம். உபயோகமா இருக்கணும்."

"நான் ஒரு செடி வளர்த்ததில்லையே."

"நீங்க ஒரு கொலை பண்ணினதும் இல்லையே, சார்."

அதற்கு மேல் என்ன பேச? உட்கார்ந்தேன். முதல் வரி எழுதினேன்.

"விதை என்பது உயிரின் ஆதா—"

(அடித்துவிட்டேன். பள்ளி ஆண்டு மலரில் இதே வரியை நாலு பேர் எழுதியிருப்பார்கள்.)

"அவள் மாடித் தோட்டத்தில் மண்வெட்டியை இறக்கியபோது, தொட்டிக்குள்ளிருந்து ஒரு விரல்—"

(போனில் வாசித்துக் காட்டினேன். "உபயோகமா, சார்" என்றார் உதவி ஆசிரியர், கொட்டாவியோடு.)

"பாக்கெட் அக்கா விதைக்குக் காசு கொடுப்பதில்லை."

இது நின்றது. யார் இந்தப் பாக்கெட் அக்கா என்று எனக்கே அப்போது தெரியாது. ஆனால் காசு கொடுக்காத ஒருத்தி கதைக்குள் வந்துவிட்டால், யாரோ ஒருவர் கொடுக்கப் போகிறார் என்று தொழில் அனுபவம் சொல்லியது.

2

பாக்கெட் அக்கா விதைக்குக் காசு கொடுப்பதில்லை. அவளுக்குத் தரைத்தளத்தில் ஜெராக்ஸ் கடை, அதற்கு மேலே வீடு, அதற்கு மேலே மொட்டை மாடியில் தோட்டம். கடையில் கோணலாக விழுந்த தாள், மை மங்கிய தாள் எதையும் எறிய மாட்டாள். மடித்து ஒட்டி விதைப் பாக்கெட் ஆக்கிவிடுவாள். அவளிடம் வெண்டை விதை வாங்கினால் முகம் தெரியாத ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவும் கூடவே வரும். கத்தரி விதையோடு யாரோ தோற்ற பாடத்தின் மதிப்பெண்.

போனில் ஒரு விதைப் பரிமாற்றக் குழு. அதற்கு அக்கா தலைவி. தேர்தல் எதுவும் நடக்கவில்லை. அவள் பேச ஆரம்பித்தாள், மற்றவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். குழுவின் சட்டம் எளிது: யாரும் காசு கேட்கக் கூடாது, வாங்கினவர் காய்த்ததும் விதை திருப்பித் தரவேண்டும்.

ஜெராக்ஸ் எடுக்க வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு அக்கா நடத்தும் பாடத்தை அப்படியே தருகிறேன். (உதவி ஆசிரியர் கவனிக்க: உபயோகமான பகுதி.)

"கடைப் பாக்கெட்டா? வெளிய தக்காளி போட்டோ, உள்ள காத்து. போட்டோவுக்குத்தான் விலை. வாங்கியே தீரணும்னா பாக்கெட் பின்னாடி தேதி பாருங்க. போன வருஷத் தேதின்னா அங்கயே வச்சுட்டு வாங்க."

"போன்ல ஆர்டர் பண்ணினா நீல ரோஜா விதை கூட வரும். போட்டா புல்லு முளைக்கும். ஆனா பாருங்க, முளைக்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் அஞ்சு ஸ்டார் குடுத்துடறாங்க."

"மல்லிக்கும் வெந்தயத்துக்கும் எவனாவது விதைக் கடைக்குப் போவானா? மளிகைக் கடைக்குப் போங்க. மல்லியைத் தரையில கொட்டி செருப்பால ஒரு தேய்ப்பு. ரெண்டா உடையும். போடுங்க, வரும்."

"மார்க்கெட் தக்காளி விதையா? வரும். ஆனா அப்பன் மாதிரியும் இருக்காது, ஆத்தா மாதிரியும் இருக்காது. எதிர்வீட்டுக்காரன் மாதிரி இருக்கும். அது ஒட்டு ரகம். நாட்டு ரகம்தான் தாயைப் போலவே வரும். அது எங்க கிடைக்கும்? என்கிட்டதான்."

(உபயோகமான பகுதி முடிந்தது. கத்தரித்து வைத்துக்கொள்கிறவர்கள் இங்கேயே கத்தரிக்கலாம். மற்றவர்கள் வாருங்கள், ஒரு ஆளைக் கொல்லலாமா வேண்டாமா என்று பார்ப்போம்.)

3

இங்கே எனக்கு அக்கா மேல் சந்தேகம் வந்துவிட்டது. எல்லாருக்கும் எல்லாவற்றையும் சும்மா தருகிறாள். எந்தத் தொடர்கதையிலும் இப்படிப்பட்டவள் மூன்றாம் வாரத்தைத் தாண்ட மாட்டாள். ஒன்று செத்துப்போவாள், அல்லது கொலைகாரி அவளாகவே இருப்பாள். எனவே அவளுக்கு ஒரு குறை கொடுத்தேன். சின்னக் குறைதான்.

போன வருஷம் அக்காவின் மாடியில் இரண்டு சுரைக்கொடி. நடுவில் ஒன்று, கைப்பிடிச் சுவர் மூலையில் ஒன்று. நடுக்கொடியின் காய் பார்க்கவே அழகு, பிஞ்சுக் குழந்தையின் தொடை மாதிரி. மூலைக்கொடியின் காய் சூம்பல். இரண்டிலும் விதை எடுத்து இரண்டு டப்பாவில் வைத்திருந்தாள்.

இப்போது சம்பந்தி வருகிறார். அக்காவின் மகளுடைய மாமனார், ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர். அவரைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும். அவர் முதல்முறை வீட்டுக்கு வந்த அன்று, அக்கா பதற்றத்தில் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். மனிதர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "டீன்னா இப்படி இருக்கணும்" என்றார். இன்னொரு டம்ளர் கேட்டும் குடித்தார்.

முதல் டம்ளர் நாகரிகம். இரண்டாவது டம்ளருக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

சம்பந்திக்குத் தோட்ட ஆசை வந்து, கடையில் பளபளக்கிற சுரைவிதைப் பாக்கெட் வாங்கிவிட்டார். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். மகள், மாப்பிள்ளை, எல்லாரும் இருக்கும்போதே ஆரம்பித்தாள்.

"என்ன சம்பந்தி இது, அநியாயம். என் பொண்ணு வாழற வீட்டுல விதைக்குக் காசு குடுக்கறதா? குழுவுல தெரிஞ்சா என்னைக் காறித் துப்புவாங்க."

"அப்படியாங்க? எனக்குத் தெரியாம போச்சே."

"தூக்கிப் போடுங்க அதை. நான் தரேன். என் கொடியிலயே முதல் தரம்."

அவரும் பாக்கெட்டை அவள் கண் முன்னாலேயே குப்பைக்கூடையில் போட்டார். போட்டுவிட்டு, "பாவம் பண்ண இருந்தேன், காப்பாத்தினீங்க" என்றார். கிண்டல் இல்லை. அவருக்குக் கிண்டல் வராது.

வீட்டுக்கு வந்து அக்கா நடுக்கொடி டப்பாவைத் திறந்தாள். விதையைக் கையில் போட்டுப் பார்த்தாள். பெரிய பெரிய விதை. மூடிவிட்டாள். மூலைக்கொடி டப்பாவிலிருந்து எடுத்து மடித்தாள்.

"அவருக்கென்ன தெரியப் போகுது" என்றாள், யாரிடமும் இல்லை.

(சின்னக் குறை என்றேன் அல்லவா? அதே டப்பாவிலிருந்து குழுவில் இன்னும் சில பேருக்கும் போனது. சும்மா தருவதில் தரம் எதற்கு?)

4

அந்த மூலைச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்து கடைசியில் டமால் என்று போடுவதுதான் என் வழக்கம். ஆனால் இது உபயோகமான கதை. இப்போதே சொல்கிறேன்.

பக்கத்து மாடியில் விளக்குக்காரர். சுரைக்காயை முற்றவிட்டு, காயவைத்து, சின்னச் சின்னத் துளை போட்டு, உள்ளே பல்பு வைத்து ஹோட்டல்களுக்கு விற்பவர். அவருக்குத் தடித்த ஓடு வேண்டும். அதற்காக அவர் வளர்ப்பது பேய்ச்சுரை. வாயில் வைக்க முடியாத கசப்பு.

"எதுக்குங்க இதைப் போய் வளர்க்கறீங்க" என்று அக்கா சுவருக்கு மேலாக ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"அக்கா, உங்க காயைத் தின்னு முடிச்சுடுவாங்க. என் காயை மாட்டி வைப்பாங்க."

அந்தக் கொடி சுவர் ஏறி மூலைக்கு வந்தது. பூ பூத்தது. பூச்சிகளுக்கு எது யார் வீட்டுப் பூ என்று பார்க்கத் தெரியாது.*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பேய்ச்சுரை மகரந்தம் நல்ல சுரைப் பூவில் விழுந்தால், அந்த வருஷக் காய் நன்றாகவே இருக்கும். சமைக்கலாம், பாராட்டலாம். கெடுவது உள்ளே இருக்கும் விதை. அடுத்த வருஷம் அந்த விதையில் காய்ப்பதுதான் கசக்கும். என் தொழிலில் இருக்கிறவனுக்கு இது வயிற்றெரிச்சல். நான் தலைகீழாக நின்று யோசித்தாலும் இவ்வளவு சுத்தமாக ஒரு தடயத்தை ஒளித்ததில்லை.

5

ஒரு நாள் காலை, கடை திறந்த சூட்டில், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒரு பாதிச் சுரைக்காயோடு உள்ளே வந்தார். குழுவில் உறுப்பினர்.

"அக்கா, இதை நக்கிப் பாருங்க."

"காலங்காத்தால என்ன பேச்சு இது?"

"உங்க விதைதான். நேத்து வீட்டுல சமைச்சா. ஒரு வாய் வச்சேன், துப்பினேன், அவளைத் திட்டினேன். அவ கிளம்பி அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இன்னிக்குப் பச்சைக் காயை நக்கினா தெரியுது, தப்பு அவ மேல இல்லை. நீங்கதான் போன் போட்டுச் சொல்லணும்."

"தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன்."

"அப்ப ஜாஸ்தி ஊத்தியிருப்பீங்க."

"வண்டி ஓட்டக் கத்துக்க வர்றவங்க இடிச்சுட்டு என்கிட்ட இப்படித்தான் பேசுவாங்க" என்றார் மாஸ்டர். "நக்குங்க."

பேப்பர் வெட்டும் கத்தியால் ஒரு சீவல் எடுத்து அக்கா நாக்கில் வைத்தாள். அவ்வளவுதான். வாசலுக்கு ஓடித் துப்பினாள். துப்பியும் போகவில்லை. கசப்பு காது வரைக்கும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

காயை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். விளக்குக்காரர் துளை போட்டுக்கொண்டிருந்தார். காயை வாங்கித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார்.

"என்னக்கா, நம்ம பய ஜாடை தெரியுதே" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "யாராவது தின்னாங்களா?"

"ஒருத்தர். துப்பிட்டார்."

"அப்ப ஒண்ணுமில்லை. முழுங்கினாத்தான் வம்பு. என்கிட்ட வேலை செஞ்ச ஒருத்தன் பந்தயம் கட்டி பச்சையா ஒரு துண்டு தின்னான். ரத்த ரத்தமா வாந்தி. ஐசியூல படுத்துட்டு வந்தான். வாலிபப் பய, தாங்கினான். வயசானவங்க தாங்கறது கஷ்டம்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. இந்தக் கசப்பை எவன் முழுங்குவான்? யாரா இருந்தாலும் துப்பிடுவாங்க."

நியாயமான பேச்சு. அந்த டப்பா விதையை வாங்கினவர்களை அக்கா மனதுக்குள் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தாள். டியூஷன் டீச்சர் துப்புவாள், துப்பிவிட்டு குழுவில் ஒரு பக்கம் எழுதுவாள். வங்கி வாட்ச்மேன் துப்புவார். அவர் பெண்டாட்டி சமைக்கும்போதே கண்டுபிடித்துவிடுவாள். எல்லாரும் துப்புவார்கள்.

உப்பு டீயை இரண்டாவது டம்ளர் கேட்டுக் குடித்த ஒருவரைத் தவிர.

அவர் சுரைக்காயைச் சமைப்பதுகூட இல்லை. வாக்கிங் முடித்து வந்து பச்சையாக அரைத்து ஜூஸாகக் குடிப்பவர்.

6

அக்கா கடைக்கு இறங்கி ஓடி, மாஸ்டர் பார்த்துக்கொண்டிருக்க, சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள்.

"அம்மா, நானே கூப்பிடலாம்னு இருந்தேன். மாமா இன்னிக்குத்தான் முதல் காய் பறிச்சார். போட்டோ புடிச்சு எல்லாருக்கும் அனுப்பியாச்சு, உன் பேரைப் போட்டு."

"அரைச்சுட்டாரா?"

"அரைச்சாச்சு, டம்ளர்ல ஊத்தியாச்சு. ஒரு வாய் குடிச்சுட்டு உன்னைத்தான் புகழ்ந்துக்கிட்டு இருக்கார்."

"குடிக்க வேண்டாம்னு சொல்லு. பிடுங்கு அதை."

"என்னது? மாமா கையிலிருந்து நான் பிடுங்கணுமா? ஏம்மா என் மானத்தை வாங்கற? இரு, ஸ்பீக்கர்ல போடறேன், நீயே பேசு."

(மருமகள் பிடுங்குகிற மாதிரியும் எழுதிப் பார்த்தேன். "மாமா, குடுங்க அ—". கை நீளவில்லை. போன மாதம்தான் அந்த வீட்டில் அவள் அம்மாவைப் பற்றி, எதற்கெடுத்தாலும் ஆர்ப்பாட்டம் பண்ணுகிறவர் என்று ஒரு பேச்சு வந்து அடங்கியிருந்தது.)

"வணக்கம் சம்பந்தியம்மா" என்றது அந்தக் குரல். தபால்தலை ஒட்டுவது போல ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி வைக்கும் குரல். "அருமையான காய். கசப்புன்னா கசப்பு, அப்படி ஒரு வீரியம். கடைக்காய்ல இதெல்லாம் எங்க வரப் போகுது?"

"குடிக்காதீங்க சம்பந்தி. அது கெட்ட காய்."

"உங்களுக்கு எப்பவும் தன்னடக்கம்."

"தன்னடக்கம் இல்லைங்க. விஷம் அது. நிஜமா."

சம்பந்தி சிரித்தார். "என் மருமகளும் இப்படித்தான். நல்லா சமைச்சுட்டு, நல்லால்லைன்னு சொல்லும். உங்க வளர்ப்பு."

"பக்கத்து மாடியில பேய்ச்சுரைங்க. பூச்சி வந்து... அது கலந்து... வாந்தி வரும், ஆஸ்பத்திரிக்குப் போகணும், உங்க வயசுக்கு—"

"நீங்க ஆசையா குடுத்ததைக் கீழ ஊத்தினா நான் மனுஷனா? வாங்கின பாக்கெட்டையே உங்க பேச்சைக் கேட்டுத் தூக்கிப் போட்டவன் நான்."

உண்மையை எந்தப் பக்கமாகத் திருப்பி நீட்டினாலும் அதை மரியாதையாக மாற்றி உள்ளே போட்டுக்கொள்கிறார் மனிதர். அவரை நிறுத்த அவளிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதைச் சொன்னால் அவர் பிழைப்பார். சொன்னவளை அந்த வீடு மறக்காது. அவள் மகள் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் நான் அவளுக்கு வேறு வசனம் எழுதி வைத்திருந்தேன். கண்ணீர், "என்னை மன்னிச்சுடுங்க", இத்யாதி. அவள் அதைச் சீண்டவில்லை.

"சம்பந்தி, நல்ல விதை என்கிட்ட இருந்துச்சு. அதை நான் வச்சுக்கிட்டேன். உங்களுக்குக் குடுத்தது கழிச்சது. முதல் தரம்னு சொன்னது பொய். உங்களுக்கு இது போதும்னு நினைச்சேன்."



"அம்மா" என்றாள் மகள், மிகவும் மெதுவாக.

பிறகு, கல்மேடையில் டம்ளர் வைக்கும் சத்தம்.

7

முடிவுகள்.

(அ) டம்ளர் காலி. மாலைக்குள் ஆம்புலன்ஸ். அடுத்த வாரம் போலீஸ், அதற்கடுத்த வாரம் ஜெராக்ஸ் தாளில் மடித்த பாக்கெட் கோர்ட்டில். என் கை தானாக எழுதுகிற முடிவு இதுதான். பாதி எழுதியும்விட்டேன்: "இன்ஸ்பெக்டர் அந்தப் பாக்கெட்டை விளக்கின் அருகே தூக்கிப் பி—". நிறுத்திவிட்டேன். என்னிடம் செத்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு விதத்தில் அதற்குத் தோதான ஆட்கள். இவர் வெறுமனே நல்லவர்.

(ஆ) டம்ளர் நிறைய இருக்கிறது. சம்பந்தி பெருந்தன்மையாகச் சிரிக்கிறார், எல்லாரும் கடைப் பாக்கெட் வாங்கப் போகிறார்கள். உதவி ஆசிரியருக்கு இதுதான் பிடித்திருக்கிறது. விளம்பரமும் வாங்கலாமாம்.

(இ) சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது. காலி டம்ளரும் நிறைந்த டம்ளரும் ஒரே மாதிரி சத்தம் போடாது என்று நினைத்தேன். என் மனைவியைச் சமையலறைக்கு அனுப்பி, போனில் கூப்பிட்டு, மாற்றி மாற்றி வைக்கச் சொல்லிக் கேட்டேன். பாதிக்குப் பாதி தப்பாகச் சொன்னேன்.

"நீங்க இங்க டம்ளரை வச்சு விளையாடறதுக்குள்ள அந்த மனுஷன் குடிச்சு முடிச்சுடுவார்" என்றாள் அவள்.

அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். இன்னும் இரண்டு பாராவுக்கு நான் அவளைக் கடையிலேயே நிறுத்தி வைக்க நினைத்திருந்தேன். மெஷின் யாருடைய தாளையோ துப்பிக்கொண்டிருக்க, ஷட்டரைக்கூட இழுக்காமல் தெருவில் இறங்கிவிட்டாள். மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் வண்டியைக் கிளப்பினார். அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். போன் காதிலேயே இருந்தது.

"சம்பந்தி, ஏதாவது பேசுங்க."

மூச்சு மட்டும் கேட்டது.

"நல்லபடியா எதுவும் சொல்லிடாதீங்க. திட்டுங்க. அல்பம்னு சொல்லுங்க, பொய்க்காரின்னு சொல்லுங்க. உங்க வாயால என்னை ஒரு வார்த்தை திட்டுங்க, சம்பந்தி."

அவர் தொண்டையைச் செருமினார்.

அடுத்த வரி அவருடையது. நான் எழுதவில்லை. ஆயுள் முழுக்க யாரையும் திட்டியிராத ஒருவருக்கு முதல் வசவு எழுதிக் கொடுக்க என் கைக்கு வரவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

தயவுசெய்து மரியாதையாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.